காசாவில் சாகும் பொதுமக்கள், வெளியே வளரும் யூத வெறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 அக்டோபருக்குப் பிறகு காசா பற்றித் தமிழில் எது எழுதினாலும் இரண்டு ரகமான எதிர்வினைகள் வந்து விழுகின்றன. போர் என்றால் மக்கள் சாகத்தானே செய்வார்கள், செத்தவர்கள் கணக்கே பொய் என்பது ஒரு ரகம். யூதர்கள் என்றாலே இப்படித்தான், ஹிட்லர் சரியாகத்தான் செய்தார் என்பது இன்னொன்று. இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டாலும் போடும் கணக்கு ஒன்றுதான்: இன்ன இடத்தில் பிறந்தவன், இன்ன வீட்டில் பிறந்தவன் என்பதற்காகவே ஒருவனை எதிரிப் பட்டியலில் எழுதிவிடுவது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

முதலில், நடந்தது என்ன?

2023 அக்டோபர் 7 அன்று, காசாவை ஆண்டுவந்த ஹமாஸ் இயக்கமும் அதனோடு சேர்ந்த குழுக்களும் காசா எல்லையைத் தாண்டி தெற்கு இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றன. 251 பேரைப் பணயக் கைதிகளாகக் கொண்டுபோயின. செத்தவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள்: நோவா இசை விழாவுக்கு வந்த இளைஞர்கள், பேரி, நிர் ஓஸ் போன்ற கிபுட்ஸ் (கூட்டுப் பண்ணை) கிராமத்தினர், தாய்லாந்திலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்கள், நேபாள மாணவர்கள், இஸ்ரேலியக் குடிமக்களான பெதுயின் அரபுகள்.

அன்றே இஸ்ரேல் குண்டுவீச்சைத் தொடங்கியது. அக்டோபர் 27-ல் தரைப்படை உள்ளே போனது. 365 சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழும் இடம் அது. 2025 அக்டோபர் 10 போர்நிறுத்தத்தின்போது காசா சுகாதார அமைச்சகத்தின் எண்ணிக்கை 67,000-ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு இடிபாடுகளில் எடுத்த உடல்களும் புதிதாகச் செத்தவர்களும் சேர்ந்து நவம்பர் முடிவதற்குள் 70,000 ஆனது. இடையில் 2025 ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐநா ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு அமைப்பு உறுதி செய்தது. இஸ்ரேல் அதை மறுத்தது.

அந்த அமைச்சகமே ஹமாஸ் கையில் இருக்கிறது. அதன் எண்ணிக்கையை எப்படி நம்புவது?

சந்தேகப்படுவது தப்பில்லை. 2023 அக்டோபர் 25-ல் அமெரிக்க அதிபர் பைடனும் இதைத்தான் சொன்னார், பாலஸ்தீனர்கள் தரும் எண்ணிக்கையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று. மறுநாளே அமைச்சகம் 212 பக்கப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 6,747 பேரின் பெயர், வயது, பாலினம், அடையாள அட்டை எண் எல்லாம் இருந்தன. காசாவின் மக்கள் பதிவேடு இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருப்பது. அடையாள எண்ணோடு பெயரை வெளியிட்டால் அதைச் சரிபார்க்கும் வசதி இஸ்ரேலிடமே இருக்கிறது. பொய் சொல்லக் கிளம்பியவர் தேர்ந்தெடுக்கும் வழியாக இது தெரியவில்லை.

பழைய போர்களின் கணக்கையும் ஒப்பிடலாம். 2014 போரில் செத்தவர்கள் அமைச்சகக் கணக்கில் 2,310 பேர், ஐநா கணக்கில் 2,251 பேர், இஸ்ரேல் கணக்கில் 2,125 பேர். பெரிய வித்தியாசம் இல்லை.

தவறியதும் உண்டு. 2023 அக்டோபர் 17-ல் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நடந்தபோது 471 பேர் செத்ததாக அமைச்சகம் சொன்னது. அமெரிக்க உளவுத்துறை 100-லிருந்து 300 வரை என்றது. அது இஸ்ரேல் குண்டு அல்ல, பாலஸ்தீனக் குழுக்கள் வழக்கமாக ஏவும் வகை ராக்கெட்டாகவே தெரிகிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பின்னர் சொன்னது. ஆக, குண்டு விழுந்த சில மணி நேரத்தில் வரும் எண்ணை ஆறப்போடுவது நல்லது. பெயரும் அடையாள எண்ணுமாக மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி வரும் பட்டியல் வேறு சங்கதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லான்செட் மருத்துவ இதழில் 2025 ஜனவரியில் வந்த ஆய்வு, மருத்துவமனைப் பட்டியல், குடும்பத்தினர் பதிந்த பட்டியல், சமூக ஊடக இரங்கல் அறிவிப்புகள் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்தது. 2024 ஜூன் 30 வரை காயத்தால் செத்தவர்கள் சுமார் 64,000 இருக்கும், அமைச்சகம் கணக்கில் எடுத்தது அதைவிட 41 சதவீதம் குறைவு என்பது அதன் மதிப்பீடு.

2024 மே மாதம் ஐநாவே குழந்தைகள் எண்ணிக்கையைப் பாதியாக்கியதே?

மொத்த எண்ணிக்கையில் ஐநா கை வைக்கவில்லை. அதுவரை செத்தவர் எல்லாரையும் சேர்த்துப் பெண்கள், குழந்தைகள் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அடையாளம் முழுதாகத் தெரிந்த உடல்களை மட்டும் பிரித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். அப்போது 34,000-க்கும் மேற்பட்டோரில் சுமார் 10,000 உடல்கள் முழு அடையாளம் இல்லாமல் கிடந்தன. அவர்கள் உயிர்த்தெழுந்துவிடவில்லை.

செத்தவர்களில் எத்தனை பேர் ஆயுதம் ஏந்தியவர்கள்?

அமைச்சகம் அதைப் பிரித்துச் சொல்வதில்லை. கணக்கில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். 2025 ஜனவரியில், கிட்டத்தட்ட 20,000 ஹமாஸ் ஆட்களைக் கொன்றுவிட்டதாக இஸ்ரேல் ராணுவத் தளபதி சொன்னார். அப்போது மொத்தச் சாவு 46,000-க்கு மேல். அவர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாலும் பாதிக்கு மேல் பொதுமக்கள். ஐநா மனித உரிமை அலுவலகம் தனியாகச் சரிபார்த்த 8,119 மரணங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்களும் குழந்தைகளும்.

ஹமாஸ் மக்களைக் கேடயமாக்குகிறது. அப்புறம் இஸ்ரேலைக் குறை சொல்வது எப்படி நியாயம்?

ஹமாஸ் குடியிருப்புகளுக்குக் கீழே சுரங்கம் வெட்டியதும், மக்கள் நடமாட்டத்துக்கு நடுவிலிருந்து ராக்கெட் விட்டதும் உண்மை. 2014-ல் ஐநாவின் காலிப் பள்ளிக்கூடங்களில் ராக்கெட்டுகள் கண்டெடுக்கப்பட்டதை ஐநா அமைப்பே அறிவித்தது. அது போர்க்குற்றம்.

ஆனால் ஒருவன் சட்டத்தை மீறினால் மற்றவனுக்கு அது விடுமுறை கொடுத்துவிடாது. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறையின் 51-வது பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: எதிரி மக்களைக் கேடயமாக்கினாலும், மக்களைக் காக்கும் கடமை உனக்கு அப்படியே இருக்கிறது. இஸ்ரேல் அந்த நெறிமுறையில் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இலங்கையும்கூட அதில் சேரவில்லை. என்றாலும் பொதுமக்களையும் போராளிகளையும் பிரித்துப் பார்ப்பது போன்ற அடிப்படை விதிகள் வழக்காற்றுச் சட்டமாகி, அதாவது கையெழுத்து இல்லாமலே நடைமுறையால் நிலைபெற்ற சட்டமாகி, எல்லா நாட்டையும் கட்டுப்படுத்துகின்றன.

வெளியேறச் சொல்லி எச்சரித்தோமே என்பது அடுத்த வாதம். 2023 அக்டோபர் 13-ல் வடக்கு காசாவின் 11 லட்சம் பேரை 24 மணி நேரத்தில் தெற்கே போகச் சொன்னார்கள். படுக்கையில் கிடப்பவர், பிரசவத்துக்குக் காத்திருப்பவர், போக இடமில்லாதவர் எல்லாம் அங்கேயே இருந்துவிட்டால் அவர்கள் போராளிகளாகிவிடுவதில்லை.

‘விகிதாசாரம்’ என்றால் 1,200-க்கு 1,200 என்று அர்த்தமா?

இல்லை. ரொம்பப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இரு பக்கப் பிணங்களை எண்ணி ஒப்பிடச் சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னால் ஒரு கேள்வி: இதனால் கிடைக்கப்போகும் நேரடி ராணுவ ஆதாயத்தோடு பார்த்தால், எதிர்பார்க்கப்படும் பொதுமக்கள் இழப்பு மிதமிஞ்சியதா? நியூயார்க் டைம்ஸ் 2024 டிசம்பரில் வெளியிட்ட விசாரணைப்படி, அக்டோபர் 7 அன்றே இஸ்ரேல் ராணுவம் தன் விதியைத் தளர்த்தியது. ஒரு தாக்குதலில் 20 பொதுமக்கள் வரை சாகலாம் என்ற நிலையில்கூட நடுத்தர அதிகாரிகளே முடிவெடுக்கலாம் என்றானது. இலக்கு பெரிய தலைவராக இல்லாமல் சாதாரண ஆளாக இருந்தாலும்! சட்ட வல்லுநர்கள் இடித்துக் காட்டுவது இந்த மாதிரி முடிவுகளைத்தான்.

சண்டை நடக்கிற தெருவில் யார் பொதுமக்கள், யார் போராளி என்று எப்படிப் பிரிப்பது?

2023 டிசம்பர் 15 அன்று காசா நகரின் ஷுஜாயியா பகுதியில் நடந்ததைப் பாருங்கள். மூன்று ஆண்கள் ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வருகிறார்கள். மேல்சட்டை இல்லை, கையில் கொம்பு, அதில் வெள்ளைத் துணி. இஸ்ரேல் சிப்பாய் ஒருவர் சுடுகிறார், இருவர் அங்கேயே விழுகிறார்கள். மூன்றாமவர் காயத்தோடு உள்ளே ஓடி எபிரேய மொழியில் உதவி கேட்டுக் கத்துகிறார். சுடுவதை நிறுத்தச் சொல்லித் தளபதி உத்தரவிடுகிறார். அந்த மூன்றாமவர் திரும்ப வெளியே வந்ததும் இன்னொரு குண்டு. மூவரும் ஹமாஸ் பிடியிலிருந்து தப்பிய இஸ்ரேலியப் பணயக் கைதிகள், இரண்டு யூதர், ஒரு பெதுயின் அரபு. மூன்று பணயக் கைதிகள் இருக்கிறோம், உதவுங்கள் என்று மிச்சச் சாப்பாட்டைத் தொட்டுத் துணியில் எழுதிப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் மாட்டியிருந்தார்கள்.

சுட்டது விதிக்கு மாறானது என்று ராணுவமே ஒப்புக்கொண்டது. வெள்ளைத் துணியைப் பார்த்தும் சுடத் தோன்றுகிறது என்றால், அந்தத் தெருவில் தென்படும் யாரும் எதிரிதான் என்று ஏற்கெனவே முடிவு கட்டியாகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. செத்தவர்கள் இஸ்ரேலியர் என்பதால் இது விசாரணைக்கும் தலைப்புச் செய்திக்கும் வந்தது.

சரி, யூத வெறுப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா? இஸ்ரேலை விமர்சிப்பதையும் சேர்த்து எண்ணிக் காட்டுகிறார்களா?

இரண்டுமே நடக்கிறது. யூத வெறுப்பைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்புக் கழகம் (ADL) 2024-ல் 9,354 சம்பவங்களைப் பட்டியலிட்டது. அதில் பாதிக்கு மேல் இஸ்ரேல் அல்லது சியோனிசத்தோடு (யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கை) தொடர்புடையவை, பேரணிக் கோஷங்கள் உட்பட. இந்த முறையை யூத ஆய்வாளர்கள் சிலரே விமர்சித்திருக்கிறார்கள். எனவே அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடலாம்.

காவல்துறைக் கணக்கை மட்டும் பார்த்தாலும் ஏற்றம் தெரிகிறது. எஃப்பிஐ பதிவில் யூதர்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2022-ல் 1,122, 2023-ல் 1,832, 2024-ல் 1,938. அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் 2 சதவீதம் அளவில்தான் இருக்கிறார்கள். பிரான்சில் 2022-ல் 436 சம்பவங்கள், 2023-ல் 1,676.

சம்பவம் என்றால் கடும் சொல்லிலிருந்து கொலை வரை எல்லாம் அடக்கம். 2023 அக்டோபர் 29-ல் ரஷ்யாவின் தாகெஸ்தானில், டெல் அவிவிலிருந்து விமானம் வருகிறது என்று கேள்விப்பட்ட கும்பல் மகச்சகலா விமான நிலைய ஓடுபாதைக்கே ஓடியது. வெளியே வந்த கார்களை மறித்து, உள்ளே யூதர் இருக்கிறாரா என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் மெல்போர்னில் யூத வழிபாட்டிடமான ஒரு ஜெப ஆலயம் எரிக்கப்பட்டது. 2025 அக்டோபர் 2, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று மான்செஸ்டர் ஜெப ஆலயத் தாக்குதலில் இருவர் செத்தார்கள், அதில் ஒருவர் காவலர்களின் குண்டு தவறிப் பட்டு. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் போண்டை கடற்கரையில் ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக்குக் கூடியவர்கள்மீது தந்தையும் மகனும் சுட்டதில் 15 பேர் செத்தார்கள். பத்து வயதுச் சிறுமியும் ஹிட்லர் காலத்தில் உயிர் தப்பிய முதியவரும் அதில் அடக்கம்.

அது காசாவுக்கான கோபம்தானே? அங்கே போர் நின்றால் இங்கேயும் அடங்கிவிடாதா?

போர் சூட்டில் எண்ணிக்கை ஏறுகிறது என்பது சரி. 2009, 2014, 2021 காசா போர்களின்போதும் ஏறியது. ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. பிரிட்டனில் இந்தமுறை உச்சம் வந்தது அக்டோபர் 7-ஐ அடுத்த முதல் வாரத்திலேயே, தரைப்படை உள்ளே போவதற்கு முன்பே. அதாவது, யூதர்கள் கொல்லப்பட்ட செய்தியே சிலருக்கு உற்சாகம் தந்திருக்கிறது.

2018-ல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரைக் கொன்றவனுக்கு காசா ஒரு பொருட்டே இல்லை. யூதத் தொண்டு நிறுவனம் ஒன்று அகதிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவருகிறது என்பதுதான் அவன் ஆத்திரம். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த லஷ்கர் ஆட்கள் தாஜ் ஹோட்டல், ரயில் நிலையம் என்று பெரிய இலக்குகளோடு கொலாபாவின் சந்துக்குள் இருந்த யூத மையமான நரிமன் ஹவுஸையும் குறித்து வைத்திருந்தார்கள். அங்கிருந்த யூத குருவும் கர்ப்பிணியான அவர் மனைவியும் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் அந்த வீட்டில் வேலை பார்த்த இந்தியப் பெண்.

இஸ்ரேலை விமர்சித்தாலே யூத வெறுப்பு என்று வாயை அடைக்கிறார்களே?

அடைக்கிறார்கள். 2024 நவம்பர் 21-ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனக்குக் கைது ஆணை பிறப்பித்ததும், இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அதை யூத வெறுப்பு முடிவு என்றார். பட்டினியை ஆயுதமாக்கிய குற்றச்சாட்டுக்கு அது பதிலாகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல அரசுகள் ஏற்றிருக்கும் 2016-ம் ஆண்டின் யூத வெறுப்பு வரையறையிலேயே, மற்ற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்று எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை முதலில் எழுதியதில் முக்கியப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்ன், பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார். பொய்யாகக் குற்றம் சாட்டக் குற்றம் சாட்ட, நிஜமான புகாரையும் யாரும் நம்பாத நிலை வரும். நஷ்டம் மான்செஸ்டரிலும் மெல்போர்னிலும் இருக்கும் சாதாரண யூதக் குடும்பங்களுக்குத்தான்.

அப்படியானால் எல்லை எங்கே இருக்கிறது?

நடைமுறைக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: யாரிடம் கணக்கு கேட்கிறீர்கள்? தூதரகத்தின் முன் கோஷம் போட்டால் அது அரசியல். ஜெப ஆலயத்துக்குள் போகும் பாட்டியை மறித்து காசாவுக்குப் பதில் சொல் என்றால் அது வெறுப்பு.

கோஷங்கள் கொஞ்சம் சிக்கல். பாலஸ்தீன ஆதரவுப் பேரணிகளில் கேட்கும் ‘ஆற்றிலிருந்து கடல் வரை’ என்பதை எல்லாருக்கும் சம உரிமை என்ற பொருளில் சொல்பவர்கள் உண்டு, இஸ்ரேலே இருக்கக் கூடாது என்ற பொருளில் சொல்பவர்களும் உண்டு. ஹமாஸின் 2017 ஆவணத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. கடலுக்கும் ஜோர்டான் ஆற்றுக்கும் நடுவே இஸ்ரேலின் இறையாண்மை மட்டுமே என்று 1977-ல் எழுதிவைத்தது நெதன்யாகுவின் லிகுட் கட்சி.

யூதர்களை ஏன் கொன்றேன் என்று உலகம் புரிந்துகொள்ளட்டும் என்பதற்காகச் சிலரை விட்டுவைத்ததாக ஹிட்லர் சொன்னாரே?

சொல்லவில்லை. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஒவ்வொரு காசா போரின்போதும் தமிழில் சுற்றும் வாசகம் இது, அழகான எழுத்துருவில், ஹிட்லர் படத்தோடு. அவருடைய எந்தப் பேச்சிலும் எழுத்திலும் இது கிடையாது.

வரலாறு இதற்கு நேர் எதிர். 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் புறநகரான வான்ஸியில், ஏரிக்கரை மாளிகை ஒன்றில் 15 நாஜி அதிகாரிகள் கூடினார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்ட பட்டியலில் நாடு நாடாக யூதர்களின் எண்ணிக்கை, மொத்தம் 1 கோடியே 10 லட்சம். ஜெர்மனி இன்னும் பிடிக்காத இங்கிலாந்து அதில் இருக்கிறது, போரிலேயே இல்லாத அயர்லாந்தின் 4,000 பேரும் இருக்கிறார்கள். அல்பேனியாவுக்கு நேராக எழுதியிருக்கும் எண் 200. ஒரு சின்ன நாட்டின் 200 பேரைக்கூடத் தேடி எழுதியவர்கள் யாரையும் விட்டுவைக்கத் திட்டமிடவில்லை. 1944 கோடையில், தோல்வி உறுதியாகிவிட்ட நிலையிலும் ரயில்களை ஒதுக்கி, இரண்டே மாதத்தில் ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பினார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்சுக்கு.

இந்த வாசகத்தைப் பகிர்பவர் காசா குழந்தைக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார். செய்வதோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதக் குழந்தைகள் கொல்லப்பட்டதை நியாயப்படுத்துவது.

ஊடகம், வங்கி எல்லாம் அவர்கள் கையில் என்பதும் பொய்யா?

1903-ல் ரஷ்யாவில் அச்சான ‘சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணத்திலிருந்து பரவிய கதை இது. யூதத் தலைவர்கள் ரகசியமாகக் கூடி உலகைப் பிடிக்கத் திட்டம் போட்டதாகக் காட்டும். மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்ய 1864-ல் பிரெஞ்சில் எழுதப்பட்ட நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியது என்று லண்டன் டைம்ஸ் 1921-லேயே அம்பலப்படுத்தியது. மூல நூலில் யூதர் பற்றிய பேச்சே கிடையாது. ஹமாஸின் 1988 சாசனம் இந்தப் போலியை ஆதாரமாகவே காட்டுகிறது.

யூதர்கள் எல்லாரும் இஸ்ரேல் பக்கம்தானே நிற்கிறார்கள்?

உலகில் ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல் யூதர்கள். பாதிக்கும் மேல் இஸ்ரேலுக்கு வெளியே. இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. இஸ்ரேலின் யூதர்களிலும் ஈராக், ஏமன், மொராக்கோ வழி வந்தவர்கள் ஏராளம், நம் கொச்சியிலிருந்து போனவர்களும் உண்டு. 2023 அக்டோபர் 27 மாலை நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை, போர்நிறுத்தம் கேட்டு முடக்கியவர்கள் யூதர்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். 2025 ஜூலையில் இஸ்ரேலின் சொந்த மனித உரிமை அமைப்பான பெத்செலெம், காசாவில் நடப்பது இனப்படுகொலை என்று அறிவித்தது. இஸ்ரேலை ஆதரிக்கும் யூதர்களும் நிறைய. அவர்களோடு வாதாடலாம், தடையில்லை.

முஸ்லிம்கள்மேல் வெறுப்பு கூடியதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். 2023 அக்டோபர் 14-ல் சிகாகோ அருகே பாலஸ்தீன அமெரிக்கச் சிறுவன், ஆறு வயது, குடியிருந்த வீட்டின் உரிமையாளரால் 26 முறை குத்திக் கொல்லப்பட்டான். அடுத்த மாதம் வெர்மான்டில் மூன்று பாலஸ்தீன மாணவர்கள் சுடப்பட்டார்கள். போண்டையில், நிறுத்தியிருந்த காருக்குப் பின்னால் பதுங்கிப் போய், சுட்டவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தவர் சிரியாவில் பிறந்த முஸ்லிம் கடைக்காரர். அவருக்கும் குண்டடி பட்டது.

காசாவில் நடந்தது இனப்படுகொலையா?

2025 செப்டம்பர் 16-ல் ஐநாவின் விசாரணை ஆணையம் ஆம் என்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ருவாண்டா இனப்படுகொலை வழக்கில் நீதிபதியாக இருந்தவர். 2009 மார்ச்சில், ஐநா மனித உரிமை ஆணையராக, வன்னியில் ராணுவம், புலிகள் இரு தரப்பின் செயல்களும் போர்க்குற்றமாகலாம் என்று எச்சரித்தவரும் இவர்தான். அறிக்கையை இஸ்ரேல் முற்றிலும் நிராகரித்தது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு சொல்ல வேண்டியது சர்வதேச நீதிமன்றம். தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் அங்கே போட்ட வழக்கில் 2024 ஜனவரி 26-ல் இடைக்கால உத்தரவுகள் வந்தன. இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் பிடிக்கும்.

தனிமனிதர்கள் யாராவது கூண்டில் ஏறுவார்களா?

நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலண்ட், ஹமாஸின் ராணுவத் தளபதி முகம்மது தைஃப் மூவருக்கும் ஒரே நாளில் கைது ஆணை வந்தது. தைஃப் செத்தது உறுதியானதும் அவர் வழக்கு முடிக்கப்பட்டது. ஹமாஸ் தலைவர்கள் ஹனியே, சின்வார் இருவரும் ஆணை வருவதற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டார்கள். நெதன்யாகு 2025 ஏப்ரலில் ஹங்கேரிக்குப் போனபோது அந்நாடு கைது செய்யவில்லை, நீதிமன்றத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினராகச் சேர்ந்ததே இல்லை. நெதன்யாகு நாளைக்குச் சென்னையிலோ கொழும்பிலோ வந்து இறங்கினாலும் அந்த ஆணையின் பேரில் கைது செய்யும் கடமை இரண்டு அரசுகளுக்கும் கிடையாது.